பத்து வருச கைவேலைக்கு எஸ்.கே.எம். வாங்குவது: பிபிடி கோப்பு தயாரிக்கும் முறை

சுங்கை சிப்புட்டில் வீடு வீடாக ஏர்கோன் மாட்டுகிறவர், செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறவர், சாலையோரப் பட்டறையில் மோட்டார் இன்ஜினைப் பிரித்துப் போடுகிறவர் மூவருக்கும் ஒரே குறைதான். வேலை தெரியும், காட்டுவதற்கு ஒரு தாள் கிடையாது. பெரிய கொந்த்ராக்டர் ஆள் எடுக்கும்போது முதல் கேள்வியே "எஸ்.கே.எம். எந்த லெவல்?" என்பதுதான். மலேசியத் திறன் சான்றிதழைத்தான் அப்படிக் கேட்கிறார். வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருசம் வகுப்பில் போய் உட்கார முடியாதவர்களுக்கு பிபிடி என்ற வழி இருக்கிறது. பெங்இக்திராஃபான் பெஞ்சாபையான் தெர்டாஹுலு என்பதன் சுருக்கம் அது. வேலையிடத்தில் நீங்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டதற்கான ஆதாரங்களை ஒரு கோப்பாகத் தொகுத்துக் காட்டினால், அதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள்.

சான்றிதழைத் தருவது மனிதவள அமைச்சின் கீழுள்ள ஜே.பி.கே., அதாவது திறன் மேம்பாட்டுத் துறை. 2006-ஆம் ஆண்டின் 652-ஆவது சட்டம் இதற்கு அடிப்படை. வகுப்பில் படித்து வாங்கியவருக்கும் பிபிடியில் வாங்கியவருக்கும் கிடைப்பது ஒரே மலேசியத் திறன் சான்றிதழ்தான். பெரியவர்கள் சிலர் இன்னும் இதை "எம்.எல்.வி.கே. செர்ட்டு" என்பார்கள். 1989-இல் தொடங்கிய பழைய மன்றத்தின் பெயர் அது. அந்தப் பெயரில் வாங்கிய தாள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் எடுத்து வையுங்கள், கோப்பில் உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிபிடியில் தேறாமல் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் வேலை தெரியாதவர்கள் அல்ல. செய்த வேலைக்கு ஆதாரம் வைக்காதவர்கள், அல்லது ஆதாரத்தை எந்த வரிக்கு என்று பொருத்தாமல் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தவர்கள்.

நோஸ் இல்லாமல் ஒரு படமும் எடுக்காதீர்கள்

ஒவ்வொரு தொழிலுக்கும் ஜே.பி.கே. ஓர் அளவுகோல் எழுதி வைத்திருக்கிறது. அதன் பெயர் நோஸ். மதிப்பீட்டாளர் கையில் வைத்துப் பார்ப்பது அதைத்தான். ஜே.பி.கே.யின் மைஸ்பைக் இணையத்தளத்தில் தொழில் பெயரைப் போட்டுத் தேடலாம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் பக்கத்திலுள்ள நாடி இணைய மையத்திலோ பொது நூலகத்திலோ உட்கார்ந்து பார்க்கலாம். கைப்பேசித் திரையில் அந்தக் கட்டங்களைப் படிப்பது கண்ணுக்குக் கேடு.

நோஸில் தொழில் பல திறன் அலகுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வோர் அலகுக்குள்ளும் வேலை நடவடிக்கைகள், அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அறிவு, செய்யத் தெரிய வேண்டிய கைத்திறன், பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். இதை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: வாரா வாரம் செய்கிறேன், எப்போதாவது செய்திருக்கிறேன், செய்ததே இல்லை. இந்தச் சுயமதிப்பீட்டில் பொய் சொன்னால் நட்டம் உங்களுக்குத்தான். "செய்ததே இல்லை" என்று விழுந்த வரிகளைப் பதிவு செய்வதற்கு முன்பே எங்காவது போய்ச் செய்து பழகிவிடலாம். ஆலையில் பம்ப் மட்டும் பார்த்தவர், கன்வேயர் பார்க்கிற நண்பரோடு இரண்டு சனிக்கிழமை நின்றால் போதும், அந்த இடைவெளி அடைபட்டுவிடும்.

நோஸ்களை அவ்வப்போது திருத்துகிறார்கள். நண்பர் தன் பழைய கோப்பைக் கொடுத்து "இதே மாதிரி செய்" என்றால், நோஸ் எண்ணும் ஆண்டும் இப்போது நடப்பில் உள்ளதுதானா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

லெவல் விசயத்தில் வருசக் கணக்கை நம்ப வேண்டாம். லெவல் 1 என்பது வழக்கமான, முன்கூட்டியே தெரிந்த வேலை. லெவல் 2 இன்னும் பலதரப்பட்டது, சிலவற்றைத் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்வது. லெவல் 3-இல் சிக்கலான பழுதைத் தானே கண்டுபிடிப்பதும், அடுத்தவருக்கு வேலை சொல்லி மேற்பார்ப்பதும் சேர்ந்துவிடும். இருபது வருசமாக ஒரே மாதிரி ஏர்கோன் சர்வீஸ் மட்டும் செய்தவரின் ஆதாரம் லெவல் 2-இல் நின்றுவிடும். ஆறு வருசம்தான் என்றாலும் இரண்டு கையாட்களை வைத்து வேலை எடுக்கிறவரிடம் லெவல் 3-க்கு ஆதாரம் இருக்கும். அதற்கு மேல் உள்ள லெவல் 4 டிப்ளோமா. அதே துறையில் லெவல் 3 இல்லாமல் அதைத் தொட முடியாது. கீழ் லெவலைத் தாண்டி நேரே மேலே விண்ணப்பிக்கலாமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் ஜே.பி.கே. வட்டார அலுவலகத்தில் நோஸ் எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்.கே.எம். லைசென்ஸ் ஆகாது

இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். எஸ்.கே.எம். உங்கள் திறமைக்குச் சாட்சி. சட்டம் தனி அனுமதி கேட்கும் வேலைக்கு அது போதாது. வீட்டு வயரிங் செய்து கையெழுத்துப் போட எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று வேண்டும். ஒரு ஃபேஸுக்கு பி.டபிள்யூ.2, மூன்று ஃபேஸுக்கு பி.டபிள்யூ.4. ஆலையில் பாய்லர் ஓட்ட, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி.யின் தகுதிச் சான்று. ஏர்கோன் கேஸைக் கையாள்கிறவர்களுக்குச் சுற்றுச்சூழல் துறையின் சி.எஸ்.டி.பி. சான்று. "எஸ்.கே.எம். எடுத்தால் எல்லாம் செய்யலாம்" என்று யாராவது சொன்னால், அவரிடம் மேற்கொண்டு எதையும் கேட்க வேண்டாம். இந்தச் சான்றுகள் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அவற்றின் நகல் கோப்பில் கட்டாயம் இருக்கட்டும். பல வரிகளுக்கு அதுவே வலுவான ஆதாரம்.

ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும்

மதிப்பீட்டாளர் ஆதாரத்தில் நான்கைப் பார்ப்பார். கேட்ட வரிக்குப் பொருந்துகிறதா, உங்களுடையதுதானா, அண்மையதா, போதுமா. ஏர்கோன் வேலையில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். செம்புக் குழாயை இணைத்து, காற்றை வெளியேற்றி, யூனிட்டை ஓட்டிக் காட்டுதல்.

பெரும்பாலானவர்கள் வைப்பது என்ன? மாட்டி முடித்த ஏர்கோன் பக்கத்தில் நின்று சிரிக்கும் ஒரு படம். அது மதிப்பீட்டாளருக்கு எதுவும் சொல்லாது. மாட்டியது நீங்களா பக்கத்து வீட்டுக்காரரா என்று கூடத் தெரியாது.

அதே 1 ஹெச்.பி. யூனிட்டுக்கு ஆறு படம் எடுங்கள். ஒன்று, வீட்டுக்குள் பிராக்கெட்டின் மேல் நீர்மட்டம் வைத்திருப்பது. இரண்டு, கால் இஞ்ச், எட்டில் மூன்று இஞ்ச் குழாய்களை வெட்டி, வாயைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துப் பிசிறை எடுப்பது. வாய் கீழே இருந்தால்தான் செம்புத் தூள் குழாய்க்குள் விழாமல் வெளியே கொட்டும். இந்த ஒரு கோணமே நீங்கள் தொழில் தெரிந்தவர் என்று சொல்லிவிடும். மூன்று, ஃப்ளேர் செய்த (வாயை விரித்த) முனை, விரிசல் இல்லாமல் தெரியும்படி கிட்டத்தில். நான்கு, உலர் நைட்ரஜனில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும்போது அழுத்தம் காட்டும் கேஜ். ஐந்து, வேக்குவம் பம்ப் ஓடும்போது மைக்ரான் கேஜ், 500-க்குக் கீழே இறங்கிய எண் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆறு, ஓடும் யூனிட்டில் கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியர், பக்கத்தில் நேம்பிளேட்.

ஆறிலும் உங்கள் முகமோ, குறைந்தபட்சம் உங்கள் கையும் பெயர் ஒட்டிய கருவிப்பெட்டியுமோ தெரிய வேண்டும். ஆறையும் ஒரே நாளில், ஒரே வீட்டில் எடுங்கள். படத்துக்குள் ஒளிந்திருக்கும் தேதியையும் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய படத்தில் அந்தத் தேதி போய்விடும். அதனால் மூலப் படத்தை ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டு, அச்சுக்கு நகலைக் கொடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி. கோப்பை மலாயில் எழுதுவதே நடைமுறைக்கு எளிது. சின்ன வாக்கியம் போதும், இலக்கணத்துக்கு மதிப்பெண் கிடையாது. "சயா மெமோத்தோங் பைப் தெம்பாகா, மெம்புவாங் செர்பிஹான் டான் மெம்புவாட் ஃப்ளேர்" (செம்புக் குழாயை வெட்டி, பிசிறை எடுத்து, ஃப்ளேர் செய்கிறேன்) என்று செய்ததைச் செய்தபடி எழுதுங்கள். பிறகு தேதி, இடம், நோஸ் அலகு எண். இந்த எண் இல்லாத படம் கோப்பில் வெறும் ஆல்பம். படத்தை எந்த வரிக்கென்று தேடிக் கண்டுபிடிப்பது மதிப்பீட்டாளர் வேலை இல்லை.

படமே உங்களுக்கு எதிராகத் திரும்பும் இடமும் உண்டு. செருப்போடு ஏணியில் நிற்கும் படம், கண்ணாடி இல்லாமல் கிரைண்டர் பிடித்த படம், கேஸை வெறுமனே காற்றில் திறந்து விடும் படம் ஆகியவை கைத்திறனைக் காட்டும், பாதுகாப்பு வரியில் அடி வாங்கும். படம் எடுக்கும் நாளுக்காக மட்டும் புது பூட்ஸ் போட்டால் அதுவும் தெரிந்துவிடும். அடுத்த எல்லாப் படத்திலும் பழைய சிலிப்பர் இருக்குமே.

ஆலைக்காரர்களுக்கு வேறு சிக்கல். பல ஆலைகளில் உள்ளே கைப்பேசியால் படம் எடுக்கக் கூடாது. மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். எந்த இயந்திரம், எந்த நாள், எதற்காக என்று குறித்துக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைக்கவில்லை என்றால் காகிதத்தைப் பிடியுங்கள். பெர்மிட் கெர்ஜா (வேலை அனுமதிச் சீட்டு) நகல், ஜாப் ஷீட், ஸ்டோரில் பேரிங் எடுத்த சீட்டு, நிறுத்திப் பூட்டு மாட்டிய பதிவு. ஸ்டெரிலைசர் (பழக்குலையை நீராவியில் அவிக்கும் கலன்) கதவின் சீலை மாற்றினீர்கள் என்றால், உள்ளே சுமார் 3 பார் நீராவி இருக்கும் சாமான் அது. அழுத்தம் முழுக்க இறங்கியதை எப்படி உறுதி செய்தீர்கள் என்று ஒரு பத்தி எழுதி, போர்மன் கையெழுத்து வாங்கினால், நல்ல படத்தைவிட அதற்கு மதிப்பு.

பட்டறைக்காரர்கள் மோட்டார் எண் பலகையை மறைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர், முகவரி, தொலைபேசி தெரியும் ரசீதிலும் அப்படித்தான், அவர் சம்மதம் தந்தால் ஒழிய.

மேற்பார்வைக்கு ஆதாரம் எங்கே?

லெவல் 3 கேட்கிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். "ஆள் வைத்து வேலை செய்கிறேன்" என்பார்கள், தாளில் ஒன்றும் இருக்காது. நீங்கள் தினமும் செய்வதையே தேடிப் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கையாளுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ("தாமானில் ரெண்டு யூனிட், கெமிக்கல் வாஷ், பம்ப் எடுத்துட்டுப் போ") ஒரு வேலைப் பகிர்வு ஆவணம்தான். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்செடுங்கள். கொட்டேசன் எழுதியது செலவுக் கணிப்புக்கு ஆதாரம். புதுப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு ஒரு பக்க அட்டவணை: எந்த வேலை, எத்தனை தடவை செய்து காட்டினேன், எப்போது தனியாக விட்டேன், அவன் கையெழுத்து. இதுவரை இல்லையென்றால் இந்த வாரத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். பழைய தேதி போட்டு எழுத வேண்டாம். ஒரே பேனா, ஒரே மை, மூன்று வருசக் கையெழுத்து என்றால் குழந்தைக்கும் புரியும்.

வேலை செய்ததற்குச் சாட்சி

நிறுவனத்தில் இருப்பவருக்கு வேலைச் சான்றுக் கடிதம் போதும், ஆனால் "நல்ல பையன், உழைப்பாளி" என்ற கடிதம் உதவாது. மைகாட்டில் உள்ளபடி முழுப் பெயர், அடையாள அட்டை எண், பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, செய்த வேலைகள் ஐந்தாறு, கையெழுத்து, முத்திரை, தொடர்பு எண். வேலைகளின் பட்டியலை நீங்களே நோஸைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் கிராணிக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் சொல் பொருந்தும்.

தோட்டம் கைமாறி ஆபீஸே இல்லாமல் போயிருக்கலாம். தவுக்கே (முதலாளி) கையில் காசாகக் கொடுத்திருக்கலாம். கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) கட்டியிருந்தால் அந்தக் கணக்கு அறிக்கையில் முதலாளி கட்டிய மாதங்கள் வரும். பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிதி) பதிவும் அப்படியே. சொந்த வியாபாரம் என்றால் எஸ்.எஸ்.எம். வியாபாரப் பதிவு, பில் புத்தகம், சாமான் வாங்கிய ரசீது. இந்தக் கடை ரசீதுகளில் பெரும்பாலானவை வெப்பத்தாள். லோரி டேஷ்போர்டில் கிடந்தால் ஒரே மாதத்தில் வெள்ளையாகிவிடும், வாங்கிய அன்றே படம் எடுங்கள் அல்லது நகல் போடுங்கள். பதிவே இல்லாமல் வேலை செய்தவர்கள், வேலை கொடுத்தவர்களிடம் தனித்தனிக் கடிதம் வாங்கலாம். ஐந்து கடிதமும் ஒரே வார்த்தையில் இருந்தால் மதிப்பு போய்விடும்.

பெயர்ச் சிக்கல் நம்மவர்களுக்கென்றே இருப்பது. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, தமிழ்ப்பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, மைகாட்டில் வேறு. அப்பா பெயர் ஓரிடத்தில் "அ/லெ"வோடு, இன்னோர் இடத்தில் அது இல்லாமல். கோப்பு முழுக்க மைகாட்டில் உள்ளதையே வையுங்கள். வேறுபடும் ஆவணத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணக் கடிதம் ஒன்றை பெசுருஹ்ஜாயா சும்பாஹ் (சத்தியப் பிரமாண ஆணையர்) முன் கையெழுத்திட்டு இணைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் இதைச் செய்ய ஓடாதீர்கள்.

நேர்முகம்

கோப்பைப் பார்த்த பிறகு ஜே.பி.கே. அங்கீகரித்த மதிப்பீட்டாளர் உங்களைச் சந்திப்பார். பேசுவார், தேவைப்பட்டால் செய்து காட்டச் சொல்வார். அவர் முடிவை வெளியிலிருந்து இன்னொரு சரிபார்ப்பு அதிகாரி பார்ப்பார். கேள்விகள் பெரும்பாலும் உங்கள் படத்திலிருந்தே வரும், "எப்படி" என்பதைவிட "ஏன்" என்றே அதிகம் வரும். வேக்குவம் எதற்கு? உள்ளே ஈரம் தங்கினால் கேபிலரி முனையில் பனிக்கட்டியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரைத் தின்னும். ஆர்410ஏ கேஸை ஏன் திரவமாக ஏற்ற வேண்டும்? அது இரண்டு கேஸின் கலவை, ஆவியாக எடுத்தால் விகிதம் மாறிவிடும். ஆர்22-இல் சுமார் 68 பி.எஸ்.ஐ. காட்டும் இடத்தில் ஆர்410ஏ ஏன் 118 காட்டுகிறது? கேஸ் வேறு, அதே 4 டிகிரிக்கு அதன் அழுத்தம் வேறு. நைட்ரஜன் தீர்ந்துவிட்டது, ஆக்சிஜன் போட்டுக் கசிவு பார்க்கலாமா? இதற்கு யோசிக்கவே கூடாது: எண்ணெயும் அழுத்தத்தில் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராமல் திணறுகிறவர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே, வேலை செய்யும்போது கையாளிடம் காரணத்தை மலாயில் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். அவனுக்கும் பாடம், உங்களுக்கும் பயிற்சி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். அளந்துவிட்டு அகப்படுவது மோசம்.

பணமும் ஏஜெண்டும்

பணம் கொடுப்பதற்கு முன் பதிவுக்கு எவ்வளவு, மதிப்பீட்டுக்கு எவ்வளவு, சான்றிதழுக்கு எவ்வளவு, தேராத அலகை மறுபடி பார்க்க எவ்வளவு என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள். முதலாளி ஹெச்.ஆர்.டி. கோர்ப்புக்கு (மனிதவள மேம்பாட்டு நிறுவனம்) லெவி கட்டுகிறவர் என்றால், ஊழியரின் பிபிடிக்கு அந்த லெவியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல முதலாளிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"கோப்பை நாங்களே எழுதித் தருகிறோம், லூலுஸ் (தேர்ச்சி) நிச்சயம்" என்கிறவரிடம் போகாதீர்கள். அவரிடம் இருப்பது ஒரே படக்கட்டு, அதே பச்சைச் சுவர் வெவ்வேறு ஆட்களின் கோப்பில் வரும். அப்படியே தப்பினாலும் நேர்முகத்தில் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

முடிவு வந்த பிறகு

ஒவ்வோர் அலகுக்கும் தெரம்பில் (திறன் உண்டு) அல்லது பெலும் தெரம்பில் (இன்னும் திறன் போதாது) என்று வரும். எல்லா அலகும் தேறினால் எஸ்.கே.எம். சில மட்டும் தேறினால் அவற்றுக்குப் பெஞாத்தா பெஞ்சாபையான் (தேறிய அலகுகளைக் காட்டும் அறிக்கை) கிடைக்கும், உழைப்பு வீணாகாது. விட்டுப்போன அலகுக்கு எந்த ஆதாரம் குறைந்தது என்று மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதை மட்டும் திரட்டி மறுபடி போங்கள்.

லெவல் 3 கையில் வந்ததும் அடுத்த வாசல் எம்.பி.ஓ.டி., மலேசியத் தொழில்நுட்பர் மன்றம். 2015-ஆம் ஆண்டின் 768-ஆவது சட்டம் தொழில்நுட்பரையும் டெக்னீசியனையும் பதிவு செய்ய அதற்கு அதிகாரம் தந்திருக்கிறது. முதலில் தகுதி பெற்ற டெக்னீசியனாகப் பதிவு செய்து, பிறகு அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டில் தேறினால் பெயருக்கு முன்னால் "டிசி." போட்டுக்கொள்ளலாம். அங்கேயும் உங்கள் அனுபவ விவரம் கேட்பார்கள். பிபிடிக்காகத் தேதியோடு சேர்த்த படங்களும் கடிதங்களும் அங்கே மறுபடி கைகொடுக்கும், கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கல்லூரிப் பக்கம் போக நினைக்கிறவர்கள் ஏப்பெல் என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் வழி, டிப்ளோமாவுக்கோ டிகிரிக்கோ அனுபவத்தை வைத்து நுழைவது. டிப்ளோமாவுக்கு 20 வயது, டிகிரிக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். எஸ்.கே.எம். வேண்டியவர் ஏப்பெல் கவுண்டரில் போய் நின்றால் நேரம்தான் வீண்.